ரீஸ்டோர் ஆகாத காகிதம்

உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெஸ்க்டாப்பில் ஒரு குப்பைத் தொட்டி தெரிகிறதல்லவா? அதுதான் ரீசைக்கிள் பின். வேண்டாம் என்று நீங்கள் அழிக்கும் பைல், முதலில் இங்கேதான் வந்து விழும். தவறாக அழித்துவிட்டோமே என்று பதற வேண்டியதில்லை. தொட்டியைத் திறந்து, அந்த பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு எழுத்துகூடக் குறையாமல் பைல் பழைய இடத்திற்குத் திரும்பிவிடும்.

அந்தத் தொட்டியின் மேல் ஒன்றையொன்று துரத்தி ஓடும் அம்புக்குறிகளைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சின்னம் கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது அல்ல, காகிதத்திற்காகப் பிறந்தது. 1970ஆம் ஆண்டு, கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆப் அமெரிக்கா என்ற அட்டை தயாரிப்பு நிறுவனம், மறுசுழற்சிக் காகிதத்திற்கு ஒரு சின்னம் வரைந்து தரும்படி மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்த மூன்று அம்புகள் பரிசு பெற்றன. 25 ஆண்டுகள் கழித்து, 1995ல் விண்டோஸ் 95 வந்தபோது ரீசைக்கிள் பின் நம் திரைக்கு வந்தது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிஜக் காகிதத்திற்கு ரீஸ்டோர் கிடையாது. எத்தனை முறை மறுசுழற்சி செய்தாலும், போனது போல அது திரும்பி வருவதில்லை. இந்த உண்மையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மிக்சியில் அரைத்துத் தெரிந்துகொண்டேன்.

46 பக்கக் கணக்கு

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அவருக்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்க்ஜெட் பிரிண்டரும் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு வழக்குகளை அவர்தான் பார்த்து வந்தார். எக்ஸெல்லில் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். "பிரிண்ட் வேண்டுமென்றால் கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு பிரிண்ட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள், வந்துவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் ஆபீஸ் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மாதக் கணக்கை அப்பா பிரிண்ட் செய்தார். பிரிண்டர் நிற்காமல் ஓடி 46 தாள்களைத் துப்பியது. ஒரு தாளில் பெயர்கள் மட்டும். இன்னொரு தாளில் தொகை மட்டும். பல தாள்களில் வெறும் கட்டங்கள். சரியாக அமைத்திருந்தால் அந்தக் கணக்கு 4 பக்கங்களில் அடங்கியிருக்கும். சாப்ட்வேர் என்ஜினீயரின் வீட்டில் நடந்த கதை இது. தவறு அப்பாவுடையது அல்ல. பட்டனைச் சொல்லிக்கொடுத்தவன், பட்டனுக்கு முன்னால் பார்க்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பிரிண்டர் மேசைக்குக் கீழே சேர்ந்திருந்த தாள்களைக் கட்டி, பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப் போனோம். தராசு 6 கிலோ காட்டியது. கடைக்காரர் பணத்தை எண்ணும்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது.

"டேய், இதுல நாப்பது வீட்டு போன் நம்பரும் பேங்க் கணக்கும் இருக்கு. நாளைக்கு எவன் கையில வடை மடிச்சுக் குடுப்பானோ தெரியாது."

உண்மைதான். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிறோம். அதே தகவலைத் தாளில் எடுத்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். கட்டைத் திரும்பத் தூக்கி வந்தோம். கிழித்துப் போட்டாலும் ஒட்ட வைத்துப் படித்துவிடலாம். எரித்தால் புகை. கூழாக்கிவிட்டால்? ஒருவராலும் படிக்க முடியாது, காகிதமும் கிடைக்கும். அப்படித்தான் எங்கள் வீட்டில் காகிதத் தொழிற்சாலை தொடங்கியது.

ஒரு ரீம் என்பது எவ்வளவு?

முதலில் கொஞ்சம் கணக்கு. கடையில் ஏ4 பேப்பர் கட்டு வாங்கும்போது அதன் மேல் 75 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை 75 கிராம் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள்கள் கிடைக்கும். எனவே ஒரு தாள் சுமார் 4.7 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ. எங்கள் வீட்டில் ஒரே ஆண்டில் இரண்டரை ரீம் வீணாகியிருந்தது.

இந்தக் காகிதம் எதிலிருந்து வருகிறது? காகிதத்திற்கு வேண்டியது செல்லுலோஸ் என்ற நார். மரத்தில் அது ஏறக்குறைய பாதிதான். நார்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்கியாக வேண்டும். அது தாளில் தங்கிவிட்டால் வெயில் பட்டதும் மஞ்சளாகிவிடும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதற்குக் காரணம் இதுவே.

லிக்னினை நீக்க, சீவிய மரத்துண்டுகளைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு இரண்டும் கலந்த நீரில் போட்டு, ராட்சத பிரஷர் குக்கர் போன்ற கலனில் வேக வைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவான இந்த முறைக்கு கிராப்ட் முறை என்று பெயர். இதில் 100 கிலோ உலர்ந்த மரத்திலிருந்து 45 முதல் 50 கிலோ கூழ்தான் கிடைக்கும். மீதி, கறுப்பு நிறக் கரைசலாக வெளியேறும். பெரிய ஆலைகள் இதை பாய்லரில் எரித்து நீராவியும் மின்சாரமும் தயாரித்துக்கொள்கின்றன, ரசாயனங்களையும் மீட்டுக்கொள்கின்றன. அந்த வசதி இல்லாத சிறு ஆலைகள் ஒரு காலத்தில் இதை ஆற்றில் விட்டதுதான் காகிதத் தொழிலுக்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தது.

அடுத்தது வெளுப்பு. முன்பு குளோரின் வாயுவால் வெளுத்தார்கள். அதில் டையாக்சின் என்ற நச்சுப் பொருள்கள் உருவாவது 1980களில் தெரியவந்தபின், உலகின் பெரும்பாலான ஆலைகள் குளோரின் டை ஆக்சைடு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றுக்கு மாறின. வெண்மைக்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

கரும்புச் சக்கையும் சும்மா வருவதில்லை

காகிதம் என்றாலே காட்டை வெட்டுவது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் ஆலைகளுக்கு வரும் மரத்தில் பெரும்பகுதி, விவசாயிகள் நிலத்தில் வளர்க்கும் சவுக்கும் தைல மரமும் சுபாபுல்லும்தான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை நிறுவனம், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தொடங்கப்பட்டது. 1979ல் நிறுவப்பட்ட இந்நிறுவனம், சக்கையிலிருந்து காகிதம் தயாரிப்பதில் உலக அளவில் பெயர் பெற்றது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருக்கவில்லை; தங்கள் பாய்லரில் எரித்து வந்தன. சக்கையைக் காகித ஆலை எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆலைக்கு வேறு எரிபொருள் வேண்டும். அதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ கொடுக்கும் ஏற்பாட்டில்தான் சக்கை கிடைத்தது. மரம் தப்பித்தது, நிலக்கரி எரிந்தது. எந்தக் காகிதமும் முழுக்க இலவசமாக வருவதில்லை.

இந்தியாவில் காகித ஆலைகளின் மூலப்பொருளில் சுமார் 70 சதவீதம் பழைய காகிதம்தான். கோவை, ஈரோடு, உடுமலைப் பக்கம் உள்ள பல ஆலைகள் இதை நம்பியே ஓடுகின்றன. உள்ளூரில் சேரும் பழைய பேப்பர் போதாமல் வெளிநாட்டிலிருந்தும் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். எனவே உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர், ஒரு பெரிய தொழிலின் முதல் படியில் உட்கார்ந்திருப்பவர்.

மை எங்கே போகிறது?

இனி, பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அச்சிட்ட தாளை மறுபடி வெள்ளைத் தாளாக்க வேண்டுமென்றால் மையைப் பிரிக்க வேண்டும். 1774லேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் யுஸ்டஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர் இதைச் செய்து காட்டினார். இன்றைய ஆலைகளில் பழைய பேப்பர் கூழில் சோப்புப் போன்ற பொருளைக் கலந்து, அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். மைத் துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே மிதக்கும். நுரையை வழித்தெடுத்துவிடலாம். பருப்பு வேகும்போது அம்மா மேலே பொங்கும் நுரையை எடுப்பது போலத்தான். காகிதபுரம் ஆலையும் 2013ல் நாளொன்றுக்கு 300 டன் திறனுள்ள இப்படி ஒரு பிரிவைத் தொடங்கியது.

லேசர் பிரிண்டரின் டோனர் என்பது உண்மையில் மை அல்ல; நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. கூழாக்கும்போது செதில் செதிலாகக் கழன்று வரும், நுரையிலும் ஏறும். பெரிய செதில்கள் தப்பித்தால் தாளில் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

இன்க்ஜெட் மை இதற்கு நேர் எதிர். அது தண்ணீரில் தயாரான மை. கூழில் கரைந்தும் கலந்தும் போய்விடும், குமிழியில் ஒட்டாது. ஒரு சட்டையின் சாயம் வாளியில் உள்ள எல்லாத் துணியிலும் ஏறுவது போல மொத்தக் கூழையும் நிறமாக்கிவிடும். எனவே பக்கம் முழுக்க வண்ணம் நிறைந்த ஒரு இன்க்ஜெட் பிரிண்ட், மை விலையில் மட்டும் அல்ல, மறுசுழற்சியிலும் அதிகச் செலவு வைப்பது.

கீழே உள்ளவற்றைப் பழைய பேப்பரோடு சேர்க்கவே கூடாது:

• பளபளப்பான போட்டோ பேப்பர் (பல வகைகளில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்)
• ஏ.டி.எம். சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில் போன்ற வழவழப்பான தெர்மல் தாள் (ரசாயனப் பூச்சு உள்ளது)
• லேமினேட் செய்தவை, எண்ணெய் பட்ட தாள்கள்

வீட்டிலேயே செய்வோம்

தேவையானவை: அச்சிட்ட பழைய தாள் 20, உணவுக்குப் பயன்படுத்தாத பழைய மிக்சி, அகலமான பிளாஸ்டிக் டப், ஒரே அளவில் இரண்டு மரச் சட்டங்கள் (பழைய போட்டோ பிரேம் போதும்), கொசுவலை, பழைய வேட்டித் துண்டுகள், ஸ்பாஞ்ச்.

1. ஸ்டேப்ளர் பின், செலோடேப் எல்லாவற்றையும் நீக்குங்கள். தாளைத் தபால் தலை அளவுக்குக் கையால் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். வெட்டினால் நார் துண்டாகும். கிழித்தால் நார் நீளமாக இருக்கும்.

2. இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வையுங்கள்.

3. மிக்சியில் ஒரு கைப்பிடித் தாளுக்கு முக்கால் ஜார் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள். எழுத்து எதுவும் தெரியாத கூழாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடாகும், கவனம்.

4. டப்பில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிக் கூழைக் கலக்குங்கள். நீர்மோர் பதம் சரியாக இருக்கும்.

5. ஒரு சட்டத்தில் கொசுவலையை இறுக்கிக் கட்டி, வலைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் இரண்டாவது சட்டத்தை வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து டப்புக்குள் செங்குத்தாக இறக்கி, உள்ளே படுக்கையாகத் திருப்பி, நேராக மேலே தூக்குங்கள். தண்ணீர் வடியும்போது லேசாகக் குலுக்கினால் கூழ் சமமாகப் பரவும்.

6. மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, வலையை ஈரத் துணியின் மேல் கவிழ்த்து, பின்பக்கம் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். சட்டத்தை மெதுவாகத் தூக்கினால் தாள் துணியில் தங்கும்.

7. துணி, தாள், துணி என்று அடுக்கி, மேலே பலகை வைத்துக் கனமான பொருளால் ஒரு மணி நேரம் அழுத்துங்கள். பிறகு துணியோடு நிழலில் உலர்த்துங்கள்.

இதில் பசை எதுவும் சேர்க்கவில்லையே, எப்படி ஒட்டுகிறது என்று கேட்பீர்கள். செல்லுலோஸ் நார்கள் ஈரம் உலரும்போது ஹைட்ரஜன் பிணைப்பு என்ற ஈர்ப்பால் தாமே பிணைந்துகொள்கின்றன. தண்ணீர் பட்டால் பிணைப்பு தளரும். காகிதத்தை மீண்டும் மீண்டும் செய்ய முடிவது இதனால்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும், விறைத்துப்போகும். சுமார் 5 முதல் 7 முறைக்குப் பின் அது தாளாகப் பிடித்து நிற்காது. வலையில் தங்காமல் தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் எங்காவது புதிய நார் வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ரீஸ்டோர் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

பேனாவால் எழுத வேண்டுமென்றால் மை பரவாமல் இருக்க, உலர்ந்த தாளில் நீர்த்த சோற்றுக் கஞ்சியைத் தடவி மறுபடி உலர்த்துங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தத் தாளை உங்கள் பிரிண்டரில் வைத்துவிடாதீர்கள். இன்க்ஜெட்டில் உதிரும் நார் ஹெட்டை அடைக்கும். தடிமனான தாள் உருளைகளில் சிக்கும். லேசர் பிரிண்டரின் உட்புறச் சூடு சுமார் 200 டிகிரி வரை போகும். அங்கே கஞ்சியும் பூவிதழும் போகக் கூடாது.

இரண்டு நாள், 11 தாள்

எங்கள் முதல் முயற்சிக்கு ஒரு சனி, ஞாயிறு முழுவதும் ஆனது. 20 ஏ4 தாள்களைப் போட்டோம். கிடைத்தது, பாதி அளவில் 11 தாள்கள். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. இன்க்ஜெட் மை கரைந்து மழை மேகத்தின் நிறத்தில் இருந்தன. மீதிக் கூழ்த் தண்ணீரை நான் சமையலறைத் தொட்டியில் ஊற்ற, குழாய் அடைத்துக்கொண்டது. அம்மா பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. நீங்கள் துணியில் வடிகட்டிவிட்டு, தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். வடித்த கூழை உருண்டை பிடித்துக் காய வைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

அப்பா அந்த 11 தாள்களையும் விசிறி போல விரித்துப் பார்த்தார். பிறகு பிரிண்டரைப் பார்த்தார். "இதுலேர்ந்து ஒரு தாள் சில வினாடியில வெளிய வந்துடுது, இல்ல?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டனுக்கு முன்னால்

கம்ப்யூட்டர் வந்தால் காகிதமே தேவைப்படாது என்று 1975லேயே அமெரிக்காவின் பிசினஸ் வீக் இதழ் எழுதியது. நடந்தது வேறு. 2001ல் வெளியான, காகிதமில்லா அலுவலகம் பற்றிய தங்கள் நூலில் அபிகெய்ல் செலன், ரிச்சர்ட் ஹார்ப்பர் இருவரும், ஒரு நிறுவனத்தில் இ-மெயில் வந்தபின் காகிதச் செலவு சராசரியாக 40 சதவீதம் கூடியது என்றார்கள். பின்னர் செல்போன் திரைகள் பெருகியதும் எழுது காகிதத்தின் தேவை உலக அளவில் குறையத் தொடங்கியது. ஆனால் ஆன்லைன் ஷாப்பிங்கின் அட்டைப் பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்றும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் காகிதமும் அட்டையும் தயாரிக்கிறது.

நம் கையில் இருப்பது பிரிண்ட் பட்டனுக்கு முந்தைய சில வினாடிகள். அப்போது என்ன செய்யலாம்?

எக்ஸெல்: தேவையான கட்டங்களை மட்டும் செலக்ட் செய்து, பேஜ் லேஅவுட், பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா என்று கிளிக் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல், பி அழுத்தி, வரும் திரையில் நோ ஸ்கேலிங் என்பதை பிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ் என்று மாற்றுங்கள். எங்கள் 46 பக்கம் 4 பக்கமானது இந்த ஒரு மாற்றத்தில்தான். கீழே மொத்தம் எத்தனை பக்கம் என்று காட்டும் எண்ணைப் பார்க்காமல் பிரிண்ட் கொடுக்கவே கூடாது.

வேர்டு: பிரிண்ட் ஒன் சைடட் என்ற இடத்தில் மேனுவலி பிரிண்ட் ஆன் போத் சைட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் தாள்களைத் திருப்பி வைக்கச் சொல்லும். திருத்தம் பார்க்கும் பிரதிக்கு டூ பேஜஸ் பெர் ஷீட் போதும்.

குரோம்: இணையப் பக்கத்தை அச்சிடும்போது பேஜஸ் என்ற இடத்தில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, தேவையான பக்க எண்களை மட்டும் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி விளம்பரம் மட்டும் அச்சாகி வருவது நிற்கும்.

பி.டி.எப்.: ரசீது, விண்ணப்ப நகல் போன்றவற்றுக்குப் பிரிண்டர் பட்டியலில் மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுத்தால் பைலாகவே சேமித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10 முதல் இது உடன் வருகிறது.

மறுபக்கம்: ஒரு பக்கம் அச்சான நல்ல தாளைக் கசக்காமல் தனி டிரேயில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின் இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் வெள்ளைத் தாளைத் தனியாகக் கட்டி, கசங்காமல், நனையாமல் பழைய பேப்பர் கடைக்குக் கொடுங்கள். மற்றவர் பார்க்கக் கூடாத தாள்கள் மட்டும் மிக்சிக்குப் போகட்டும். வீட்டுக் கூழால் உலகக் காடுகள் தப்பித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை உங்கள் கையால் ஒரு தாள் செய்து பாருங்கள், முடிந்தால் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அடுத்த முறை பிரிண்ட் பட்டன் மேல் மவுஸ் போகும்போது விரல் ஒரு கணம் தயங்கும்.

அந்த 11 தாள்களில் ஒன்று இப்போது எங்கள் பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் அப்பா தன் கைப்பட ஒரே வரி எழுதியிருக்கிறார்: "எத்தனை பக்கம் என்று பார்த்தாயா?" போன வருடம் வாங்கிய ரீம் இன்னும் தீரவில்லை.